குன்னூரில் ஒரு ஃபேன் தேடி

பத்தொன்பது வயதுப் பையன் இருக்கிற வீட்டில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற எந்தப் பொருளையும் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. அது ஒழுங்காக ஓடுகிறதே என்று அவனுக்கு உறுத்த ஆரம்பித்துவிடும். திறந்து பார்ப்பான். இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினால் என்ன என்று கேட்பான். யாரையோ குத்திக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பையன் நான்தான்.

தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. அப்பா குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில் ஒரு ஃபேக்டரியில் டீ மேக்கர். (டீ மேக்கர் என்றால் டீக்கடை மாஸ்டர் இல்லை. திருப்பூரில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) பச்சை இலை வந்து இறங்கினதிலிருந்து தூளாகி மூட்டை ஏறுகிற வரைக்கும் அவர் பொறுப்பு. அதற்கு அவர் வைத்திருந்த முக்கியமான கருவி அவருடைய மூக்கு. கீழே ட்ரையரில் தூள் ஒரு நிமிஷம் கூடுதலாகக் காய்ந்தால், அதற்கு ‘ஓவர் ஃபயர்’ என்று பெயர், மேலே ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து ஓடுவார். வீட்டில் அம்மா அப்பளம் சுட்டாலும் இதே கதைதான், வாசலிலிருந்தே தீர்ப்பு வந்துவிடும்.

விலை விழுந்ததும், பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று சின்னத் தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். இலை வந்தால் ஃபேக்டரி ஓடும், வராவிட்டால் அப்பா வெறும் மெஷின்களைத் துடைத்துவிட்டு வருவார். அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாமாவும், அதாவது அம்மாவின் அண்ணன், வாரம் தவறாமல் போன் பண்ணி, “மச்சானுக்கு இங்க வாட்ச்மேன் வேலை பேசி வச்சிருக்கேன், வந்துருங்க” என்பார். அம்மாவுக்கு அந்தப் பேச்சு வந்தாலே முகம் செத்துவிடும். அப்பா எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். இலை வாசம் இல்லாத ஊரில் அந்த மூக்கை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வார்?

எங்களைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது சாந்தி அக்காதான். மூடிப்போன ஒரு எஸ்டேட் ஆபீசிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி முன்ரூமில் வைத்து, கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் கை அப்படி. வெறும் கோட்டையும் பூவையும் வைத்து அவள் ஒரு பத்திரிகையை முடித்தால், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவனுக்கும் பண்ணிக்கொள்ளத் தோன்றும். கோயமுத்தூரில் ஒரு பிரஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்றின் பத்திரிகையை அவளிடம் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்து காட்டு, நன்றாக இருந்தால் இனி மலையிலிருந்து வருகிற வேலை முழுக்க உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அப்பாவும் சொல்லிவிட்டார்: “சாந்திக்கு இது அமைஞ்சா இங்கியே இருக்கலாம். இல்லீனா பொங்கல் முடிஞ்சதும் கீழ எறங்கிருவோம்.”

ஆக, நான்கு பேரும் இந்த மலையில் இருப்பதா இறங்குவதா என்பது அந்தப் பழைய பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். அம்மா அதற்குத் தினமும் குங்குமம் வைத்தாள். குளிரில் அது கெட்டுவிடும் என்று கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர்கூடப் பின்னிப் போட்டிருந்தாள். (கை இல்லாத ஸ்வெட்டர். முன்பக்கம் சுவிட்சுக்கு மட்டும் ஒரு ஓட்டை.)

இப்போது சுந்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவன் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஊர் பர்லியார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவன். எல்லோரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவான், நாயைக்கூட ‘போங்க’ என்றுதான் துரத்துவான். அப்படி மரியாதை கொடுத்துக்கொண்டே மானத்தை வாங்குவான். அவன் சென்டரில் கார் ரேஸ் விளையாட்டு ஒன்று இருந்தது. மலை ரோட்டில் வளைந்து வளைந்து போக வேண்டும். கல்லூரி விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன். அவன் போட்டு வைத்திருந்த நேரத்தை என்னால் ஒருநாளும் முறிக்க முடிந்ததில்லை.

ஒருநாள் தோற்ற கடுப்பில், உங்கள் கம்ப்யூட்டர் என் கைக்குப் பழகவில்லை, எங்கள் வீட்டுப் பெட்டியில் ஓட்டினால் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சுந்தர் எங்கள் பெட்டி என்ன வேகம் என்று விசாரித்தான். முந்நூறு மெகாஹெர்ட்ஸ் என்றேன். அவன் ரொம்பப் பரிதாபமாகத் தலையை ஆட்டினான்.

“தம்பி, அதுல கேம் ஓடாதுங்க. காரைத் தள்ளிட்டுத்தான் போகோணும்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே உங்கள் நேரத்தை முறித்து, ஃப்ளாப்பியில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். அதோடாவது விட்டேனா? பந்தயம் வேறு கட்டினேன். தோற்றவன் ஜெயித்தவனை எல்லோர் முன்னாலும் ‘மாமா’ என்று கூப்பிட வேண்டும். (எங்கள் பக்கம் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் மட்டம் தட்டுவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. என் அக்காவைக் கட்டினவன் எனக்கு மாமா. அவன் வாயால் என்னை மாமா என்று சொல்ல வைத்து, ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்பது என் கணக்கு. அவனுக்கு அக்கா தங்கை கிடையாது, எனக்குத்தான் அக்கா இருக்கிறாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.)

சுந்தர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “சரிங்க” என்றான்.

வீட்டுக்கு வந்து விளையாட்டைப் போட்டால், அவன் சொன்னது சரிதான். கார் கட்டை வண்டியாக நகர்ந்தது. அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஓவர்கிளாக்கிங் பற்றிப் படித்தேன். விஷயம் ரொம்பச் சுலபமாகத் தெரிந்தது. பெட்டிக்குள் இருக்கிற பச்சைப் பலகையில் சின்னச் சின்ன ஊசிகள் நிற்கும். அதில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு மூடி மாட்டியிருக்கும், அதற்கு ஜம்பர் என்று பெயர். அதைப் பிடுங்கி அடுத்த ஊசியில் மாட்டினால், அதே பிராசஸர் கூடுதல் வேகத்தில் ஓடும். காசு செலவில்லை, கடைக்குப் போக வேண்டியதில்லை. முந்நூறு நானூற்றைம்பது ஆகிவிடும். இவ்வளவு வேகத்தை உள்ளே வைத்துக்கொண்டு கம்பெனிக்காரன் நம்மை ஏமாற்றியிருக்கிறானே என்று எனக்குக் கோபமே வந்தது.

அக்கா இல்லாத நேரம் பார்த்து, அம்மாவின் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் ஜம்பரை மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் திரையில் நானூற்றைம்பது என்று வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காரா அது, பறந்தது. இரண்டாவது வளைவு தாண்டினதும் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. அப்புறம்தான் கவனித்தேன், பெட்டியை மூடின கையோடு பழக்கத்தில் ஸ்வெட்டரையும் திரும்பப் போட்டுவிட்டிருந்தேன். கழற்றிவிட்டுப் போட்டேன். இப்போது ஐந்தாவது வளைவு வரை போய் நின்றது. அக்கா வருகிற நேரமாகிவிட்டதால் ஜம்பரைப் பழைய ஊசியிலேயே மாட்டி வைத்தேன்.

பத்திரிகையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். வேகம் கூட்டினால் பிராசஸர் சூடாகும், எனவே நல்ல காற்று வர ஒரு ஃபேனை ஏற்பாடு செய்துகொள்ளவும் என்று கடைசியில் எழுதியிருந்தது. எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டான் பாருங்கள். எழுதினவன் மெட்ராஸ்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

ஏனென்றால் எங்கள் ஊரில் ஃபேன் கிடையாது. எங்கள் வீட்டு உத்தரத்தில் கொக்கிகூட இல்லை. என் கூடப் படித்தவன் ஒருவன் முதன்முதலாக மேட்டுப்பாளையம் போனபோது, சொந்தக்காரர் வீட்டு ஃபேனுக்கு அடியில் படுக்க மாட்டேன் என்று அழுதிருக்கிறான். இருந்தாலும் குன்னூர் கடைவீதிக்குப் போய் ஒரு எலெக்ட்ரிக் கடையில் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் மப்ளரைக் காதிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டு, “ஃபேனா? எந்த ஊருக்குங்க?” என்றார். இந்த ஊருக்குத்தான் என்றதும் என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். ரூம் ஹீட்டர் காட்டினார், தண்ணீர் சுட வைக்கிற காயில் காட்டினார். கடைசியில் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

வெறுங்கையோடு திரும்பி வருகிற வழியில் ஃபேக்டரியைத் தாண்டும்போதுதான் அந்த யோசனை வந்தது. ஊரில் ஃபேன் இல்லை என்று எவன் சொன்னான்? அப்பாவின் ஃபேக்டரி மாடியில் ஆள் உயரத்துக்கு ஒவ்வொன்றும் நிற்கிறதே!

பச்சை இலை வந்ததும் முதல் வேலை அதை வாட்டுவது. மாடியில் நீளநீளமாகக் கட்டில் மாதிரி கம்பிவலைத் தொட்டிகள் இருக்கும், ட்ரஃப் என்போம். அதன்மேல் இலையைப் பரப்பிவிட்டு, தொட்டியின் தலைமாட்டில் இருக்கிற பெரிய ஃபேனைப் போட்டால் வலைக்கு அடியிலிருந்து காற்று மேலே வரும். இலை மெதுவாக வாடும். வெயில் நாளில் வெறும் காற்றே போதும். மழை நாளில் இலை ஈரமாக வரும் என்பதால், கீழே விறகு போட்டு அடுப்பை மூட்டி, சூடான காற்றை அதே ஃபேன் வழியாக அனுப்புவார்கள். இதெல்லாம் எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். அன்றைக்கு மட்டும் கடைசிப் பகுதி மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஃபேக்டரிக்கு இலையே இல்லை, பூட்டு. அப்பா குன்னூர் போயிருந்தார். அம்மா ஒரு துக்கத்துக்குப் போயிருந்தாள். அக்கா பத்திரிகையை ஏறக்குறைய முடித்துவிட்டு, எந்தப் பெரியப்பா பெயர் முதலில் வர வேண்டும் என்று கல்யாண வீட்டில் தகராறாம், அதை முடிவாகக் கேட்டுக்கொண்டு வரப் போயிருந்தாள். போகும்போது என்னிடம், “அதத் தொடாதே, வந்து முடிச்சு ஃப்ளாப்பில போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் தலையாட்டினேன்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஃபேக்டரி சாவி தொங்கியது. பெட்டியைக் கம்பளியில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்து மானிட்டர், கீபோர்டு. எங்கள் வீட்டுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஒரு சரிவுதான், ஆனால் மானிட்டரோடு ஏறினால் அது தொட்டபெட்டா சிகரம். மாடியில் முதல் ட்ரஃபின் தலைமாட்டில், கம்பிவலை மேலேயே எல்லாவற்றையும் பரப்பினேன். காற்று நன்றாகப் போகட்டும் என்று பெட்டியின் மூடியைக் கழற்றி, ஜம்பரை மறுபடி மாற்றினேன். உள்ளே பிராசஸர் மேல் கைக்கடக்கமாக ஒரு குட்டி ஃபேன் இருந்தது. அடியில் இவ்வளவு பெரிய ஃபேன் இருக்கும்போது இந்தக் கொசு எதற்கு என்று அதையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். (இந்த வரி வரும்போது கேட்பவர்கள் எல்லோரும் ‘ஐயோ’ என்று சொல்வது வழக்கம். நீங்களும் சொல்லிவிடுங்கள்.)

ஃபேனைப் போட்டேன். ஜில்லென்று காற்று. விளையாட்டைப் போட்டேன். ஐந்தாவது வளைவு தாண்டியது, பத்தாவது தாண்டியது, நிற்கவே இல்லை. அப்போது மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. எனக்கு எதுவும் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் சுந்தரின் நேரத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தத்தில் கீழே ஒரு லாரி வந்து நின்றது எனக்குத் தெரியாது. வேறு ஏதோ ஃபேக்டரிக்கு இலை கொண்டுபோன லாரி. அங்கே எடுக்க மாட்டேன் என்று திருப்பிவிட்டிருக்கிறார்கள். வழியில் அப்பாவைப் பார்த்து, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா? பல நாள் கழித்து இலை! அதே லாரியில் ஏறி, வழியில் இலை பரப்புகிற காளியம்மாவையும் இன்னும் நாலு பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஃபேக்டரி திறந்திருக்கிறது, மாடியில் ஃபேன் ஓடுகிறது. முதலாளிக்கே தகவல் போய் யாரையோ விட்டு ஃபேன் போட்டு வைத்திருக்கிறார் போல என்று நினைத்து, மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இலையோ சொட்டச் சொட்ட ஈரம். உடனே அடுப்பில் விறகைப் போட்டு மூட்டினார். சூடு ஏறினதும் காற்றைத் திறந்துவிட்டார், முதல் ட்ரஃபுக்கு.

மேலே எனக்கு என்ன தெரிந்தது என்றால், குளிர் விட்டது. அவ்வளவுதான். அடடா, கால் எல்லாம் இதமாக இருக்கிறதே, வெயில் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே நினைத்தேன். என் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். கடைசிச் சுற்று. சுந்தரைவிட இரண்டு விநாடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். முடிவுக்கோடு திரையில் தெரிந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வண்டியை அதற்கு முன்னும் ஓட்டினதில்லை, பின்னும் ஓட்டினதில்லை.

கார் அப்படியே நின்றது. திரையில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. பிறகு இருட்டு. ஒரு வாசம் வந்தது.

அதே வாசம் என்னைவிட முன்னால் அப்பாவுக்குப் போயிருந்தது. கீழேயிருந்து படி ஏறி வருகிற சத்தம் மழையிலும் கேட்டது. ட்ரையரே இன்னும் போடவில்லை, அதற்குள் எது கருகுகிறது என்று குழம்பிப் போய் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தவர், வாட்டுகிற தொட்டியில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். பக்கத்தில் வாய் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் காளியம்மா இலைக் கூடையோடு நின்றாள்.

அப்பா திட்டவில்லை. குனிந்து, தூளை மோந்து பார்க்கிற அதே பக்குவத்தில், கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை மோந்து பார்த்தார். பழக்க தோஷத்தில் தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசிக்கவும் செய்தார்.

“ஓவர் ஃபயர்” என்றார்.

காளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் வந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். “சாந்தியோட பத்திரிக்கை இதுக்குள்ளதான் இருக்குதா?”

“ஆமாங்ப்பா.”

அப்பா ட்ரஃபின் ஓரத்தில் உட்கார்ந்தார். அத்தனை நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த இலை அவர் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பூரில் ஒரு கம்பெனி வாசலில் ஸ்டூல் போட்டு அப்பா உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணில் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். காளியம்மா, “அழுவாத சாமி, இலை நனையுது” என்றாள். அவளுக்கு அவள் கவலை.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். வீட்டில் மேஜை காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, மாடியில் லைட் எரிவதைப் பார்த்து நேராக இங்கே வந்துவிட்டாள். நனைந்த குடையை மடக்காமலே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். நான் அடி விழும் என்று தயாராக இருந்தேன், விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“ஹார்ட் டிஸ்க்கு மேல இலை விழுந்துச்சா?”

விழவில்லை. எரிந்தது பிராசஸர்தான். பத்திரிகை இருக்கிற ஹார்ட் டிஸ்க் அதற்கு எட்டத்தில் ஒரு மூலையில் இருந்தது. அக்கா ஃபேக்டரி ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, என்னைத் தொடவிடாமல் தானே அதைக் கழற்றி, சால்வையில் சுற்றிக்கொண்டாள். இதை மாட்டிப் பார்க்கிற மாதிரி நல்ல கம்ப்யூட்டர் குன்னூரில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.

எனக்கு ஒரே ஒருத்தனைத்தான் தெரியும். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா இன்னும் அந்த ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் பிரவுசிங் சென்டர் நிறைந்திருந்தது. டூரிஸ்ட்டுகள் குடையும் கையுமாகக் காத்திருந்தார்கள். நான் நனைந்த கோழியாக வாசலில் நின்றுகொண்டு அக்காவை உள்ளே அனுப்பினேன். அவள் சால்வையைப் பிரித்துக் காட்டி விஷயத்தைச் சொல்வதும், சுந்தர் அவளைத் தாண்டி என்னைப் பார்ப்பதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. என் மானம் இத்தோடு போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை. ஒரு டூரிஸ்ட்டை மன்னிப்புக் கேட்டு எழுப்பிவிட்டு, தன் நல்ல மெஷினைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தான். திரையில் அக்காவின் பூவும் கோடும் அப்படியே எழுந்து வந்தன. அவள் அப்போதுதான் மூச்சே விட்டாள். பெரியப்பாக்களை வரிசைப்படுத்த உட்கார்ந்தாள்.

நான் மெதுவாக உள்ளே போய் ஒரு ஓரத்தில் நின்றேன். சுந்தர் என்னென்ன செய்தேன் என்று விசாரித்தான். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜம்பர், ஸ்வெட்டர், ட்ரஃப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். குட்டி ஃபேனைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியபோதுதான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. திரும்பினதும் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

“ஃபேன் வேணும்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க தம்பி. பர்லியார்ல எங்க ஊட்ல மூணு இருக்குதுங்க.”

எனக்கு உறைத்தது. பர்லியார் மலையடிவாரத்துப் பக்கம், புழுக்கம். அங்கே ஃபேன் இல்லாத வீடே இல்லை. பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர். மேலேயே தேடினேனே தவிர, கீழே ஒரு ஊர் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

“சரி, பந்தயம் என்னாச்சுங்க?” என்றான்.

இரண்டு விநாடி முன்னால் இருந்தேன், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது என்றேன். ஃப்ளாப்பி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. எல்லோர் முன்னாலும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று ஞாபகப்படுத்தினான். டூரிஸ்ட்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எங்களுக்குச் செய்துகொண்டிருந்த உதவிக்கு, பந்தயம் கிடையாது என்று மறுக்கவும் முடியாது.

“மாமா” என்றேன்.

கீபோர்டு சத்தம் நின்றது. அக்கா நாற்காலியோடு திரும்பினாள். “யாருக்கு யாருடா மாமா?”

சுந்தருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவசரமாகக் குனிந்து ஏதோ ஒயரைச் சரிபண்ண ஆரம்பித்தான். பந்தயத்தின் முழு விவரத்தையும் நான்தான் அக்காவிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று, அவன் முன்னாலேயே. அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, “வீட்டுக்கு வா, வச்சுக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பெரியப்பாவின் பெயரை இரண்டு முறை தப்பாக அடித்தாள்.

திங்கட்கிழமை ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு அப்பாவும் அக்காவும் முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் இறங்கினார்கள். பிரஸ்காரருக்குப் பிடித்துவிட்டது. வேலை அமைந்தது. அன்று சாயங்காலம் திருப்பூர் மாமா போன் பண்ணியபோது அம்மாவே எடுத்து, நாங்கள் வரவில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள், சந்தோஷத்தில்தான். அப்பா ஞாயிற்றுக்கிழமை வாட்டின இலையின் தூளைக் கொஞ்சம் கொண்டுவந்து எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். எனக்கு மட்டும் அரை டம்ளர்.

ஒன்று பாக்கி இருந்தது. வேலை வந்துவிட்டது, வேலை செய்யப் பெட்டி இல்லை. அதைத்தான் நான் வாட்டிவிட்டேனே. ஆகவே அக்கா தினமும் சுந்தரின் சென்டரில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியதாயிற்று. துணைக்கு என்னை அனுப்பினார்கள். (யாருக்குத் துணை என்று எனக்குக் கொஞ்ச நாளில் சந்தேகம் வந்துவிட்டது. நான் கார் ரேஸ் ஆடப் போனால் இரண்டு பேருமே, ஆடு ஆடு, இன்னொரு ஆட்டம் ஆடு என்றார்கள்.) நாங்கள் வேறு கம்ப்யூட்டர் வாங்குகிற அளவுக்கு ஆனபோது, வாங்க வேண்டிய அவசியம் இல்லை என்கிற நிலைமைக்கு விஷயம் போயிருந்தது.

முறைப்படி பெண் கேட்க அவர்கள் பர்லியாரிலிருந்து வந்தார்கள். தட்டில் பூ, தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு கூடை மங்குஸ்தான் பழம். எல்லோருக்கும் பின்னால் சுந்தர் வெள்ளை வேட்டி சட்டையில், மார்போடு எதையோ அணைத்துத் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்தான். டேபிள் ஃபேன். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

“இது தம்பிக்குங்க” என்று என் கையில் கொடுத்தான்.

அவன் அப்பா அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா உள்ளே கதவுக்குப் பின்னால் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். அப்பாதான் முதலில் சிரித்தார். அந்தக் கெட்ட காலம் ஆரம்பித்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ரொம்ப சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த ஃபேன் இன்றைக்கும் எங்கள் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒருநாளும் போட்டதில்லை. ஆயுத பூஜைக்குத் துடைத்துச் சந்தனம் வைப்பதோடு சரி. குளிரில் கெட்டுவிடும் என்று அம்மா அதற்கும் கம்பளியில் ஒரு உறை பின்னிப் போட்டிருக்கிறாள். வீட்டுக்குப் புதிதாக வருகிற எவரும் அதைப் பார்த்துவிட்டு, குன்னூரில் எதற்குங்க ஃபேன், அதுவும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என்று கேட்காமல் இருந்ததில்லை. அக்கா குடும்பம் வந்திருக்கிற நாளாக இருந்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

“நீங்களே சொல்லுங்க மாமா” என்று சொல்லிவிட்டு நான் டீ போட உள்ளே போய்விடுவேன். தண்ணீர் கொதிப்பதற்குள் கதை ஃபேக்டரி மாடிக்கு ஏறியிருக்கும், கொசு ஃபேனைப் பையில் போட்டதும் வந்தவர்கள் ‘ஐயோ’ என்பார்கள். அதற்கப்புறம் வருவது அப்பாவின் இடம். அவர் ஈசிசேரிலிருந்து எழுந்திருக்காமல், கண்ணை மூடி, காற்றில் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுச் சொல்வது அடுப்படி வரைக்கும் கேட்கும்.

“நல்ல இலைதானுங்க. கொஞ்சம் ஓவர் ஃபயர் பண்ணிப்போட்டான்.”